ஆவணத் தளம் தேர்ந்தெடுக்கும் முன்: தொழில்நுட்பக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரல் எழுதும் குழுக்களில் ஆவணங்கள் சிதறிக் கிடப்பதுதான் வழக்கம். மென்பொருளை நிறுவும் முறை ஒரு பழைய மின்னஞ்சலில் இருக்கும். ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் அழைக்கும் வழியான ஏபிஐயின் விவரங்கள் யாரோ எப்போதோ பகிர்ந்த கோப்பில் இருக்கும். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மூத்த பொறியாளர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும். அவர் நீண்ட விடுப்பில் போகும்போதுதான் நிலைமையின் கனம் தெரியவரும். உடனே ஒருவர் தமக்குப் பழகிய சேவையின் பெயரைச் சொல்வார், இலவசக் கணக்கு திறக்கப்படும், சில வாரங்களில் ஐம்பது அறுபது பக்கங்கள் அதில் ஏறிவிடும். அந்தத் தளம் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று பிறகு தெரிந்தாலும், அங்கிருந்து நகர்வது பெரிய வேலையாகிவிடும்.

அந்த முதல் சில வாரங்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தமாகச் சர்வர் வைத்துப் பராமரிக்காமல், இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் இயங்கும் ஆவணச் சேவைகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். ரீட் த டாக்ஸ், கிட்புக், கான்ஃப்ளுவன்ஸ், நோஷன், கிட்ஹப் பேஜஸ் ஆகியவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள். இவற்றுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தப்போவதில்லை. விலையும் வசதிகளும் அடிக்கடி மாறுபவை. நாம் எழுதும் ஆவணமோ, பெரும்பாலும் அதைத் தாங்கும் சேவையைவிட நீண்ட காலம் உயிரோடு இருக்க வேண்டியது. ஆகவே ஒரு தளத்தில் எழுத்தை எவ்வளவு அழகாக ஏற்றலாம் என்று பார்க்கும் முன், அதை எவ்வளவு முழுமையாக வெளியே எடுக்கலாம் என்று பாருங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை.

முதல் படி: எழுதப்போகிறவர்கள் யார்?

தளங்களின் இணையப் பக்கங்களைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று பட்டியல்கள் எழுதுங்கள்: யார் எழுதுவார்கள், யார் படிப்பார்கள், யார் சரிபார்ப்பார்கள். பெயர்களாகவே எழுத வேண்டும். ‘குழுவினர் அனைவரும்’ என்று எழுதிய இடத்தில் பெரும்பாலும் ஒருவரும் எழுதுவதில்லை.

எழுதுகிறவர்கள் அனைவரும் நிரலாளர்கள் என்றால் அவர்கள் நாள் முழுவதும் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியோடுதான் புழங்குகிறார்கள். ஆவணத்தையும் அதே வழியில் எழுதச் சொல்லலாம். வாடிக்கையாளர் உதவிப் பிரிவினரும் சோதனையாளர்களும் பட்டியலில் இருந்தால் கணக்கு மாறுகிறது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தக்கூடக் கிட் கற்க வேண்டும் என்றால், அவர்கள் திருத்துவதையே விட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர்களின் குழப்பத்தை நாள்தோறும் காதால் கேட்பவர்கள் அவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்தும் தளம் எத்தனை சிறப்புகள் கொண்டிருந்தாலும் நல்ல தளம் ஆகாது.

என்ன வகை ஆவணங்கள் இருக்கின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். டானியேல் புரோசிடா வகுத்த டையாடாக்சிஸ் முறை இதற்கு மிகவும் உதவும். தொழில்நுட்ப ஆவணங்களை அது நான்காகப் பிரிக்கிறது: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிப்பதற்கான செய்முறை, விவரங்களைத் தேடி எடுக்கும் குறிப்பேடு, காரணங்களை விளக்கும் கட்டுரை. உங்களிடம் உள்ளவற்றில் பெரும்பகுதி ஏபிஐ குறிப்பேடு என்றால் அதற்கென்றே அமைந்த சேவைகளைப் பார்க்கலாம். பெரும்பகுதி செய்முறைகள் என்றால் எளிய தளமே போதும். இந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒரு பிற்பகல் ஆகும். அதைச் செய்யாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: கோப்பா, தரவுத்தளமா?

இந்தச் சேவைகள் மேலுக்கு எப்படித் தோன்றினாலும் உள்ளே இரண்டு குடும்பங்கள்தான்.

முதல் குடும்பத்தில் உங்கள் ஆவணம் சாதாரண உரைக் கோப்புகளாக, நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், அதாவது கிட் மாற்ற வரலாற்றோடு காக்கும் கோப்புத் தொகுப்பில், இருக்கும். மார்க்டவுன் அல்லது ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் போன்ற எளிய குறிமொழியில் எழுதுகிறீர்கள். ஸ்ஃபிங்க்ஸ், எம்கேடாக்ஸ், டாகுசாரஸ் போன்ற கருவி ஒன்று அந்தக் கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களை உருவாக்குகிறது. அவற்றை ரீட் த டாக்ஸ், கிட்ஹப் பேஜஸ், கிட்லேப் பேஜஸ் போன்ற சேவை இணையத்தில் வைக்கிறது. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கிய ஸ்ஃபிங்க்ஸ் 2008இல் வெளிவந்தது; லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் இன்று அதில்தான் உருவாகின்றன. ரீட் த டாக்ஸ் 2010இல் தொடங்கியது. திறமூலத் திட்டங்களுக்கு இலவசம். அதற்கு ஈடாகப் பக்கங்களில் சிறு விளம்பரம் வரும். நிறுவனங்களின் தனிப்பட்ட ஆவணங்களுக்குக் கட்டணச் சேவை உண்டு.

இரண்டாம் குடும்பத்தில் ஆவணம் அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கும். உலாவியைத் திறந்து, பக்கத்தின் மேலேயே எழுதிச் சேமிக்கலாம். 2004இல் வந்த கான்ஃப்ளுவன்சும் பின்னர் பரவிய நோஷனும் இந்த வகை. புதியவர்கள் பத்து நிமிடத்தில் எழுதத் தொடங்கிவிடலாம், பத்தியின் ஓரத்திலேயே கருத்துச் சொல்லலாம், படத்தை இழுத்து வைக்கலாம்.

கிட்புக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உலாவியில் எழுதும் வசதியும் உண்டு; எழுதியதை, கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் சேவைகளான கிட்ஹப் அல்லது கிட்லேப் களஞ்சியத்தோடு இருபுறமும் ஒத்திசைக்கும் வசதியும் உண்டு. கிட் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து எழுத வேண்டிய குழுவுக்கு இந்த நடுவழி உண்மையிலேயே பயன்படும்.

நிரலோடு ஆவணமும் ஒரே களஞ்சியத்தில் இருப்பதன் பெரிய நன்மை சரிபார்ப்பில் வெளிப்படுகிறது. ஒரு புதிய அமைப்பு விருப்பத்தைச் சேர்க்கும் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சரிபார்த்து ஏற்கக் கோரும் விண்ணப்பத்தில்) அதற்கான ஆவணத் திருத்தமும் வர வேண்டும் என்று குழு விதி வைத்துக்கொள்ளலாம். வரவில்லை என்றால் சரிபார்ப்பவர் அங்கேயே நிறுத்தலாம். ஆவணம் வேறொரு தளத்தில் தனியாக இருக்கும்போது இந்தக் கண்காணிப்பு நடப்பதில்லை. நிரல் முன்னே போய்விடும், ஆவணம் பழைய நிலையிலேயே நிற்கும். பழைய ஆவணத்தை நம்பி ஒருவர் உண்மையான சர்வரில் ஒரு கட்டளையை இயக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. வெளியாருக்கான ஆவணங்களையும், தவறினால் இழப்பு நேரும் செய்முறைகளையும் கோப்புகளாகக் களஞ்சியத்தில் வையுங்கள். கூட்டக் குறிப்புகள், திட்ட வரைவுகள், விவாதங்கள் ஆகியவற்றுக்கு உலாவித் தளம் போதும். இரண்டு இடங்கள் இருப்பதில் தவறில்லை. எது எங்கே இருக்கும் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். அந்த எல்லையை இரண்டு தளங்களின் முதல் பக்கத்திலும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள்.

குறிமொழி பற்றியும் ஒரு சொல். மார்க்டவுனை ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டார். அதன் பின் ஆளுக்கொரு கிளைவடிவம் முளைத்ததால், 2014இல் காமன்மார்க் என்ற பொது வரையறை எழுதப்பட்டது. டாகுசாரஸ் பயன்படுத்தும் எம்டிஎக்ஸ் வடிவம் ஆவணத்துக்குள்ளேயே இணையப் பக்க நிரல்தொகுப்பான ரியாக்டின் கூறுகளை எழுத இடம் தருகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்படிச் செருகிய ஒவ்வொரு கூறையும் இடம் மாறும் நாளில் கையால் பிரித்தெடுக்க வேண்டும். இயன்ற வரை காமன்மார்க் எல்லைக்குள் எழுதுங்கள்.

ஏபிஐ குறிப்பேட்டுக்கும் இதே நியாயம்தான். ஸ்வாகர் என்ற பெயரில் தொடங்கிய வரையறை 2015இல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்கீழ் வந்து ஓப்பன்ஏபிஐ ஆனது. உங்கள் ஏபிஐயை ஓப்பன்ஏபிஐ கோப்பாக எழுதி வைத்திருந்தால், இன்று ரீட்மீ சேவையில் காட்டலாம், நாளை ரீடாக் போன்ற இலவசக் கருவியில் காட்டலாம். ஒரு சேவையின் படிவங்களில் கையால் நிரப்பி வைத்திருந்தால் அந்தச் சுதந்திரம் இல்லை.

மூன்றாம் படி: வெளியேறும் சோதனை

பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடும் படி இதுதான். கணக்கு திறந்த முதல் நாளிலேயே செய்யுங்கள். பிறகு செய்ய மனம் வராது.

சோதனைக்கென்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் ஓர் அட்டவணை, உள்ளடுக்குகள் கொண்ட பட்டியல், பைத்தான் நிரல்துண்டு, ஒரு படம், அதே தளத்தின் இன்னொரு பக்கத்துக்கு ஓர் இணைப்பு, ஓர் எச்சரிக்கைப் பெட்டி ஆகியவை இருக்கட்டும். தமிழில் ஒரு பத்தியும் இருக்கட்டும். பிறகு அந்தச் சேவையின் ஏற்றுமதி வசதியைத் தேடிப் பிடித்து, வந்து சேரும் கோப்பைத் திறந்து பாருங்கள்.

படம் தனிக் கோப்பாகக் கூடவே வந்திருக்கிறதா, அல்லது அந்தச் சேவையின் சர்வரைச் சுட்டும் முகவரி மட்டும் இருக்கிறதா? சேவை மூடப்பட்ட மறுநாள் அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது. உள் இணைப்பு ஏற்றுமதியான கோப்பையே சுட்டுகிறதா, பழைய தளத்தைச் சுட்டுகிறதா? பைத்தான் நிரலின் இடைவெளிகள் அப்படியே இருக்கின்றனவா? பைத்தானிலும் யாமல் என்னும் வடிவில் எழுதும் அமைப்புக் கோப்புகளிலும் ஓர் இடைவெளி தவறினாலே பொருள் மாறிவிடும். எச்சரிக்கைப் பெட்டி என்ன ஆயிற்று? யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு வந்ததா?

நோஷனில் பக்கங்களை மார்க்டவுனாக எடுக்கலாம். அதன் அட்டவணைத் தரவுத்தளங்கள் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்புகளாக வரும். அவற்றுக்கு இடையிலிருந்த தொடர்புகளைப் பிறகு நீங்களே மீட்டமைக்க வேண்டும். கான்ஃப்ளுவன்ஸ் ஒரு முழுத் தொகுதியை எக்ஸ்எம்எல், எச்டிஎம்எல், பிடிஎஃப் வடிவங்களில் தரும். மேக்ரோக்களை (பக்கத்தில் செருகும் தானியங்கிக் கூறுகளை) நிறையப் பயன்படுத்திய பக்கங்களே அதில் சிக்கல் தரும். எக்ஸ்எம்எல் வடிவம் பெரும்பாலும் இன்னொரு கான்ஃப்ளுவன்சுக்குப் போவதற்குத்தான் உதவும். எச்டிஎம்எல் கிடைத்துவிட்டால் பாண்டாக் என்ற இலவசக் கருவியால் மார்க்டவுனாக மாற்றலாம். சிக்கலான அட்டவணைகளுக்குப் பிறகும் கைவேலை மிஞ்சும். கிட் குடும்பத்தில் இந்தச் சோதனைக்கு அதிக நேரம் தேவையில்லை. களஞ்சியத்தைப் பிரதி எடுத்தாலே கோப்புகள், படங்கள், வரலாறு அனைத்தும் உங்கள் கணினிக்கு வந்துவிடும். கிட்ஹப் களஞ்சியங்களோடு வரும் விக்கிகூடத் தனியொரு கிட் களஞ்சியம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதையும் இப்படியே பிரதி எடுக்கலாம்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கூகுள் கோடு சேவையில் ஏராளமான திறமூலத் திட்டங்கள் விக்கிப் பக்கங்களோடு குடியிருந்தன. 2015 மார்ச்சில் மூடல் அறிவிப்பு வந்தது, 2016 ஜனவரியில் சேவை முடிந்தது. நிரலாளர்களுக்கு நன்கு பழகிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2016இல் ஆவணங்களுக்கென்று ஒரு தனிப் பகுதியைத் திறந்து, 2017 ஆகஸ்டில் மூடிவிட்டது. பள்ளி ஆசிரியர்கள் பெரிதும் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் தங்கள் சர்வரிலேயே இயக்கிய கான்ஃப்ளுவன்ஸ் பதிப்புக்கான ஆதரவை, அதை உருவாக்கும் அட்லாசியன் நிறுவனம் 2024 பிப்ரவரி 15 அன்று முடித்துக்கொண்டது. பெரிய நிறுவனம், புகழ் பெற்ற சேவை என்பதால் மட்டும் எதுவும் நிலைத்துவிடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான நல்ல உதாரணமும் உண்டு. கிட்புக் தொடக்கத்தில் யாரும் தங்கள் கணினியிலேயே இயக்கக்கூடிய திறமூலக் கருவியாக இருந்தது. பின்னர் நிறுவனம் இணையச் சேவையில் முழுக் கவனம் செலுத்தி, பழைய கருவியின் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அதில் எழுதியவர்கள் தவித்துப்போகவில்லை. அவர்களிடம் இருந்தவை மார்க்டவுன் கோப்புகளும், அத்தியாயங்களை வரிசைப்படுத்தும் ஒரு பொருளடக்கக் கோப்பும் மட்டுமே. பழைய கருவியிலிருந்து கிளைத்த ஹான்கிட்டுக்குச் சிலர் மாறினார்கள். ரஸ்ட் மொழி உலகின் எம்டிபுக் கருவியும் ஏறத்தாழ அதே பொருளடக்க முறையையே பின்பற்றுகிறது என்பதால் அங்கே செல்வதும் எளிதாக இருந்தது. கருவி போனாலும் எழுத்து அவர்கள் கையிலேயே இருந்தது.

நான்காம் படி: முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும்

முதல் பக்கத்தை யாருக்கும் அனுப்பும் முன் இதை முடித்துவிடுங்கள். ஆவணங்களை அந்தச் சேவையின் டொமைனில் (இணைய முகவரிப் பெயரில்) வெளியிடாதீர்கள். உங்கள் டொமைனுக்குக் கீழே ‘டாக்ஸ்’ என்றோ ‘உதவி’ என்றோ ஒரு துணை டொமைன் அமைத்து, அதைச் சேவையோடு இணையுங்கள். டொமைன் பதிவில், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிஎன்ஏஎம்இ வரி ஒன்றைச் சேர்ப்பதுதான் வேலை. இது கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும் என்று சில சேவைகள் சொல்லும். வெளியாருக்கான ஆவணம் என்றால் அந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கட்டலாம்.

ஏனென்றால் உங்கள் ஆவண முகவரி எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. மென்பொருளின் பிழைச்செய்திக்குள் அது எழுதப்பட்டிருக்கும், வாடிக்கையாளரின் உள் மின்னஞ்சல்களில் இருக்கும், தேடுபொறிகளில் பதிவாகியிருக்கும். முகவரி உங்களுடையது என்றால், சேவையை மாற்றிய பிறகும் பழைய இணைப்புகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிடலாம். அதனால் தேர்வின்போதே கேளுங்கள்: பக்கத்தின் பெயர் மாறினால் பழைய முகவரியிலிருந்து 301 வகை (நிரந்தர) வழிமாற்று அமைக்க முடியுமா? ரீட் த டாக்சில் இதற்கென்று நிர்வாகப் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. சாதாரணக் கிட்ஹப் பேஜசில் சர்வர் அளவிலான வழிமாற்று கிடையாது. பக்கத்துக்குள் ஒரு குறியீட்டு வரி எழுதித் திருப்பும் மாற்று வழிதான் உண்டு.

ஐந்தாம் படி: பதிப்புகள்

உங்கள் மென்பொருள் ஓர் இணையச் சேவை, எல்லோரும் எப்போதும் ஒரே பதிப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். வாடிக்கையாளர்கள் தங்கள் கணினியில் நிறுவும் மென்பொருள் என்றால் இது தலையாய தேவை. இரண்டாம் பதிப்பை வைத்திருப்பவருக்கு நான்காம் பதிப்பின் ஆவணம் தீங்கே செய்யும்.

இந்த விஷயத்தில் ரீட் த டாக்ஸ் தெளிவாக இருக்கிறது. களஞ்சியத்தின் முதன்மைக் கிளை ‘லேட்டஸ்ட்’ என்றும், டேக் என்னும் பதிப்புக் குறி போட்டவற்றில் உயர்ந்தது ‘ஸ்டேபிள்’ என்றும் தனித்தனி முகவரிகளில் நிற்கும். பழைய பதிப்புகளையும் தேவைக்கேற்ப இயக்கத்தில் வைக்கலாம். கான்ஃப்ளுவன்சும் நோஷனும் ஒரு பக்கத்தின் திருத்த வரலாற்றைக் காட்டும். ஆனால் அது பதிப்புவாரியான ஆவணத் தொகுப்பு ஆகாது. விற்பனைப் பக்கங்களில் இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதுண்டு. கவனமாகப் படியுங்கள்.

ஆறாம் படி: தேடல்

படிப்பவர்கள் பொருளடக்கத்தை வரிசையாகத் திறப்பதில்லை, தேடுகிறார்கள். சோதனையின்போது ஒரு பிழைச்செய்தியை முழுமையாக ஒட்டித் தேடுங்கள். அடிக்கோடுகள் கொண்ட ஒரு மாறியின் பெயரைத் தேடுங்கள். ஒரு கட்டளையில் இரட்டைக் கோட்டோடு (--) தொடங்கும் விருப்பத்தைத் தேடுங்கள். பொதுமக்களுக்கான தேடல் கருவிகள் இந்தக் குறிகளை விழுங்கிவிடுவதுண்டு. தொழில்நுட்ப ஆவணத்தில் தேடப்படுவதோ இவைதான்.

தமிழில் பயனர் உதவிப் பக்கங்கள் எழுதும் குழுக்கள் இன்னும் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ‘கோப்பு’ என்று தேடினால் ‘கோப்பில்’, ‘கோப்புகளை’ என்று வரும் பக்கங்கள் கிடைக்கின்றனவா? வேற்றுமை உருபுகளை நீக்கி வேர்ச்சொல்லைப் பிடிக்கும் வசதி இல்லாத தேடலில் அவை கிடைக்காமல் போகலாம். ஸ்ஃபிங்க்ஸ் கருவியோடு வரும் தேடலின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. எம்கேடாக்ஸ் போன்றவை உலாவியில் இயக்கும் லூனர் தேடலுக்குத் தமிழ் நீட்டிப்பு இருக்கிறது. ஸ்னோபால் நிரல்தொகுப்பிலும் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் உண்டு.

இப்போது பல சேவைகள் கேள்வி கேட்டால் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரையும் முன்னிறுத்துகின்றன. அதற்காக மட்டும் ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது விடை எடுப்பது உங்கள் பக்கங்களிலிருந்துதான். பழைய பக்கம் இருந்தால் பழைய விடைதான் வரும்.

ஏழாம் படி: யார் பார்க்கலாம், யார் பணம் கட்டுவது

கட்டண முறைகள் மூன்று வகை: எழுதுகிறவர் எண்ணிக்கைக்கு, பார்க்கிறவர்களையும் சேர்த்த எண்ணிக்கைக்கு, தளத்துக்கு மொத்தமாக. முதல் படியில் எழுதிய பட்டியலை இப்போது எடுத்துப் பாருங்கள். ஐந்து பேர் எழுதி இருநூறு பேர் படிக்கும் உள் ஆவணத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் சேவை விரைவில் கனத்துவிடும். கான்ஃப்ளுவன்சின் இலவசத் திட்டம் பத்துப் பயனர்கள் வரை; பதினோராவது நபர் சேரும் நாளில் அனைவருக்குமான கட்டணமும் தொடங்கும். இன்றைய குழுவுக்கு மட்டும் கணக்குப் போடாமல், இரட்டிப்பானால் எவ்வளவு என்றும் பாருங்கள்.

நிறுவனத்தின் ஒற்றை உள்நுழைவு முறையோடு இணைக்கும் வசதியைப் பல சேவைகள் உயர்ந்த திட்டத்தில்தான் தருகின்றன. அது ஆடம்பரம் ஆகாது. ஒருவர் நிறுவனத்தை விட்டுப் போகும்போது அவருடைய அணுகல் தானாக நிற்க வேண்டும் என்றால் அது தேவை. தொடக்கத்திலேயே அந்தத் திட்டத்தின் விலையையும் கேட்டு வையுங்கள்.

கிட்ஹப் பேஜஸ் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. களஞ்சியம் தனிப்பட்டதாக இருந்தாலும், அதிலிருந்து உருவாகும் தளம் இயல்பாக உலகம் முழுவதற்கும் தெரியும். தளத்தையும் பூட்டி வைக்கும் வசதி நிறுவனங்களுக்கான உயர்திட்டமான என்டர்பிரைஸ் கிளவுடில்தான் உண்டு. கிட்லேப் பேஜசில் இந்தக் கட்டுப்பாடு இலவசத் திட்டத்திலேயே கிடைக்கிறது. கிட்ஹப் பேஜஸ் தளம் 1 ஜிபி அளவைத் தாண்டக் கூடாது, மாதப் போக்குவரத்து 100 ஜிபி என்ற வழிகாட்டு எல்லையும் உண்டு. எழுத்தும் சாதாரணப் படங்களும் கொண்ட ஆவணத்துக்கு இது தாராளம், விளக்கக் காணொளிகளை அங்கே ஏற்றினால் போதாது. எந்தத் தளமாக இருந்தாலும் கடவுச்சொற்களையும் அணுகல் சாவிகளையும் ஆவணத்துக்குள் எழுதாதீர்கள். பூட்டிய தளத்திலும் வேண்டாம்.

எட்டாம் படி: உண்மையான பக்கங்களோடு ஓர் ஒத்திகை

இவ்வளவையும் பார்த்தபின் பட்டியலில் இரண்டு சேவைகள் மிஞ்சியிருக்க வேண்டும். மூன்றுக்கு மேல் ஒத்திகை பார்க்காதீர்கள், குழு சலித்துவிடும். இரண்டு வாரம் போதும். மாதிரிப் பக்கங்களை வைத்துச் சோதிக்காமல், உங்களிடம் இருப்பவற்றிலேயே கடினமான மூன்று பக்கங்களை ஏற்றுங்கள்: நீண்ட அட்டவணை உள்ளது, படங்கள் நிறைந்தது, அடிக்கடி மாறுவது. அவற்றைத் தள நிர்வாகி ஏற்றக் கூடாது. எழுதப்போகிறவர்கள் ஏற்ற வேண்டும்.

மிஞ்சியதில் ஒன்று ரீட் த டாக்ஸ், எழுதும் கருவி எம்கேடாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். களஞ்சியத்தில் ஆவணங்களுக்கென்று ஒரு கோப்புறை திறந்து, முதல் பக்கத்தை மார்க்டவுனில் எழுதுங்கள். எம்கேடாக்சின் அமைப்புக் கோப்பில் தளத்தின் பெயரையும் பக்கங்களின் வரிசையையும் குறியுங்கள். களஞ்சியத்தின் வேர்க் கோப்புறையில் ரீட் த டாக்ஸுக்கான யாமல் கோப்பை வையுங்கள்; எந்த இயங்குதளம், எந்தப் பைத்தான் பதிப்பு, எம்கேடாக்ஸ் அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் அதில் கட்டாயம். பிறகு கிட்ஹப் கணக்கால் உள்ளே நுழைந்து களஞ்சியத்தைச் சேருங்கள். அதன் பின் நீங்கள் கமிட்டுகளை, அதாவது கிட்டில் பதிவு செய்த மாற்றங்களை, கிட்ஹப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் தளம் தானாகப் புதுப்பிக்கப்படும்.

இரண்டு வசதிகளை உடனே இயக்குங்கள். ஒன்று, புல் ரிக்வெஸ்ட் முன்னோட்டம்: திருத்தம் ஏற்கப்படும் முன்பே அந்தப் பக்கம் எப்படித் தோன்றும் என்று தனி முகவரியில் பார்க்கலாம். கிட் தெரியாத சரிபார்ப்பாளருக்கு அந்த முகவரியை அனுப்பினால் போதும். இன்னொன்று, எச்சரிக்கை வந்தால் பில்டை (கோப்புகளிலிருந்து தளத்தை உருவாக்கும் பணியை) நிறுத்தும் அமைப்பு. உடைந்த உள் இணைப்போடு ஒரு பக்கம் வெளியே போவதை அது தடுக்கும். முதல் சில நாள்கள் எரிச்சலூட்டும், விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு சேவையிலும் அதே மூன்று பக்கங்களை ஏற்றுங்கள். இரண்டு வாரத்தின் முடிவில், இந்த வேலையில் பங்கெடுக்காத, அண்மையில் சேர்ந்த ஒருவரை அழைத்து ஒரு வேலையைக் கொடுங்கள்: ‘இந்த ஆவணத்தை மட்டும் வைத்து மென்பொருளை நிறுவுங்கள், பிழை கண்டால் நீங்களே திருத்துங்கள்.’ அருகில் அமர்ந்து பாருங்கள், உதவாதீர்கள். எந்தத் தளத்தில் அவர் திருத்தத்தைத் தயக்கமின்றிச் செய்து முடிக்கிறாரோ, அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். வண்ணமும் எழுத்துருவும் பற்றிய விவாதங்களில் இந்த நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஒன்பதாம் படி: குடிபெயர்தல்

தேர்வு முடிந்தது. இப்போது பழைய பக்கங்கள் அனைத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுவரத் தோன்றும். கடந்த ஓராண்டில் யாரும் திறக்காதவற்றைக் கொண்டுவராதீர்கள். அவற்றை ஏற்றுமதி செய்து ஒரு காப்பகக் கோப்புறையில் வையுங்கள். மீதமுள்ளவற்றில் அதிகம் படிக்கப்படும் பக்கங்களை முதலில் நகர்த்துங்கள். நகர்த்தும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பானவர் யார் என்று பக்கத்தின் அடியிலேயே எழுதுங்கள். அந்தப் பெயர் இல்லாத பக்கத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழைய தளத்தைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் புதிய முகவரியை இடுங்கள். வழிமாற்று அமைக்க முடிந்தால் அமையுங்கள். ஒரு காலாண்டு கழித்து அதை மூடலாம்.

கடைசியாக ஒரு நாள்காட்டி நினைவூட்டல்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஏற்றுமதி எடுத்து, அதை அந்தச் சேவைக்கு வெளியே வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். கிட் களஞ்சியம் என்றால் புதிதாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து தளத்தை ஒருமுறை உருவாக்கிப் பாருங்கள். அந்த நினைவூட்டலைக் குழுத்தலைவர் தன் பெயரில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், இன்னொருவர் பெயரிலும் சேர்த்து வைக்கட்டும்.